பெட்டிக்குள் காலி இடம் உண்டா?

திருச்செந்தூரிலிருந்து கடலை ஒட்டித் தெற்கே சென்றால் குலசேகரன்பட்டினம், மணப்பாடு ஆகிய ஊர்களைக் கடந்து பெரியதாழையை அடையலாம். ஒரு பக்கம் மன்னார் வளைகுடா; மறு பக்கம் உள்ளே சற்றுத் தள்ளிச் சிவந்த தேரி மணல். மீன் இறக்கிய பின் கரையேற்றி வைத்திருக்கும் வள்ளங்களில் ஒன்றை உற்றுப் பாருங்கள். வள்ளம் ஒரு காலத்தில் வாங்கியது. பின்புறம் மாட்டியிருக்கும் எஞ்சின் வேறொரு காலத்தில் வந்தது. இருக்குமிடம் காட்டும் ஜி.பி.எஸ். கருவி அதற்கும் பிறகு சேர்ந்தது. எஞ்சின் பழுதானால் எஞ்சினை மாற்றுவார்களே ஒழிய, அதற்காக வள்ளத்தையே ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்கும் வழக்கம் எந்தக் கடற்கரையிலும் இல்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகிறீர்கள். வீட்டில் ஒரு சிறிய மேசைக் கணிப்பொறி வாங்கித் தர முடிவு செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய பெட்டிகள் இன்று கடையில் கிடைக்கின்றன. கடைக்காரர் வேகத்தைச் சொல்வார், விலையைச் சொல்வார், தவணையையும் சொல்வார். ஆனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "பெட்டிக்குள் காலி இடம் உண்டா? பின்னால் எதையேனும் மாற்றலாமா, சேர்க்கலாமா?"

இது சிக்கனத்தைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. சிறு கணிப்பொறியின் வரலாறே இந்தக் காலி இடத்தின் வரலாறுதான் எனலாம். தமிழ் எழுத்து பல கணிப்பொறிகளின் திரைக்கு வந்து சேர்ந்ததும் அப்படியொரு காலி இடத்தின் வழியாகத்தான். அந்தக் கதையைச் சற்று விரிவாகக் காண்போம்.

இக்கரையிலிருந்து புறப்பட்ட ஒருவர்

கணிப்பொறி என்றால் குளிரூட்டிய பெரிய கூடம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1960இல் இயக்கிய டிஃப்ராக்கும், சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370 பொறியும் அவ்வகையைச் சேர்ந்தவை. அலுவலகங்கள் பெரும்பாலும் ஐ.பி.எம். பொறிகளை வாடகைக்கே எடுத்தன. பொறியைத் திறப்பதும், நினைவகத்தைக் கூட்டுவதும் அந்நிறுவனப் பொறியாளரின் வேலை. வாடகைக்காரர் சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பது போன்ற ஓர் ஏற்பாடு அது.

1975 ஜனவரியில் அமெரிக்காவில் வெளிவந்த ஆல்டேர் 8800 இந்த நிலையைத் தலைகீழாக்கியது. உதிரிப் பாகங்களாக வாங்கி வாசகரே பூட்டிக்கொள்ள வேண்டிய பொறி அது. அதன் நினைவகம் வெறும் 256 பைட். இன்றைய யூனிகோடு முறையில் பெரும்பாலும் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் தேவைப்படுவதால், 85 குறிகளோடு அந்த நினைவகம் நிரம்பிவிடும். இந்தக் கட்டுரையின் நீண்ட வாக்கியம் ஒன்றுகூட அதில் அடங்காது. ஆயினும் ஆல்டேர் விற்றது. காரணம், அதற்குள் கூடுதல் அட்டைகளைப் பொருத்துவதற்கான செருகுவாய்கள் இருந்தன. இன்று இல்லாததை நாளை சேர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையைத்தான் மக்கள் விலை கொடுத்து வாங்கினார்கள்.

இந்தக் காலத்தில்தான் நம் கடற்கரை கதைக்குள் வருகிறது. திருச்செந்தூர் அருகே மூலைப்பொழி என்ற சிற்றூரில் 1945இல் பிறந்தவர் சிவ நாடார். கோயம்புத்தூர் பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படித்து, டில்லியில் டி.சி.எம். நிறுவனத்தின் கால்குலேட்டர் பிரிவில் பணியாற்றினார். பின்பு அந்த வேலையை விட்டு, உடன் பணியாற்றிய சில நண்பர்களோடு முதலில் கால்குலேட்டர் விற்றார். அந்தப் பணத்தை வைத்து 1976இல் எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்கு அவர்கள் திரட்டிய தொகை ரூ. 1,87,000 என்று கூறப்படுகிறது. 1978இல் அவர்கள் வெளியிட்ட 8சி என்ற பொறியே இந்தியாவில் உருவான முதல் மைக்ரோ கம்ப்யூட்டர் என்று பலர் எழுதுவர். "முதல்" என்ற சொல்லை வரலாற்றில் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். ஹைதராபாத்தில் அரசு நிறுவனமான இ.சி.ஐ.எல். 1960களின் இறுதியிலேயே டி.டி.சி. 12 என்ற கணிப்பொறியைச் செய்துவிட்டது. ஆனால் அது நுண்செயலி பிறப்பதற்கு முந்திய, வேறு இனத்துப் பொறி.

அதே 1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்நிய நிறுவனங்கள் தம் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டத்துக்கு அது உடன்படவில்லை. வாடகைப் பொறியின் காலம் முடிந்து, சொந்தப் பொறியின் காலம் இந்நாட்டில் இப்படித் தொடங்கியது.

எட்டு வாய்களும் ஒரு வாயும் இல்லாததும்

1977இல் வந்த ஆப்பிள் 2 கணிப்பொறியை வடிவமைத்தபோது ஸ்டீவ் வாஸ்னியாக்குக்கும் ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் இடையே ஒரு பூசல் எழுந்தது. அச்சுப்பொறிக்கு ஒன்று, தொலைபேசி இணைப்புக்கு ஒன்று, ஆக இரண்டு செருகுவாய்கள் போதும் என்றார் ஜாப்ஸ். எட்டு வேண்டும் என்று வாஸ்னியாக் பிடிவாதமாக நின்றார். வாஸ்னியாக் வென்றார். வட்டு இயக்கி, கூடுதல் நினைவகம் என்று வடிவமைத்தவர்கள் எண்ணியிராதவற்றையெல்லாம் பிறர் செய்து அந்த வாய்களில் செருகினார்கள். பல ஆண்டுகள் அப்பொறி விற்பனையில் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1984இல் வந்த மெக்கின்டாஷில் ஜாப்ஸின் கருத்தே வென்றது. கைப்பிடியோடு கூடிய அழகிய சிறு பெட்டி. செருகுவாய் ஒன்றுகூட இல்லை. மூடியின் திருகாணிகளைக் கழற்றவே தனி வகைத் திருப்புளி தேவைப்பட்டது. நினைவகம் 128 கிலோபைட். அதுவும் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. அது போதாது என்பது சில மாதங்களிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நல்லவேளையாக, பலகையை வடிவமைத்த பரல் ஸ்மித், பிற்காலத்தில் பெரிய சில்லுகளைப் பொருத்த வேண்டி வந்தால் உதவும் என்று முன்கூட்டியே வழி செய்து வைத்திருந்தார். அதனால் அதே ஆண்டிலேயே 512 கிலோபைட் மெக்கின்டாஷ் எளிதில் வெளிவந்தது. மேலதிகாரி வேண்டாம் என்றதை ஒரு பொறியாளர் ஓசைப்படாமல் செய்து வைத்த இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும்.

நம் நாட்டுப் பள்ளிகளுக்கு முதலில் வந்த பொறி இவை இரண்டும் அல்ல. 1984இல் மத்திய அரசு கிளாஸ் என்ற திட்டத்தின் கீழ் முதற்கட்டமாக 250 பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைத் தொடங்கியது. அதற்குத் தேர்ந்தெடுத்தது இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் செய்த பி.பி.சி. மைக்ரோ. விசைப்பலகைக்குள்ளேயே கணிப்பொறி முழுவதும் அடங்கிய வடிவம். 32 கிலோபைட் நினைவகம். அதன் அடிப்பக்கத்தில் டியூப் என்ற பெயரில் ஓர் இணைப்புவாய் இருந்தது. இரண்டாவது செயலி ஒன்றை வெளியிலிருந்து பொருத்துவதற்காக வைத்தது. நம் மாணவர்களுள் எத்தனை பேர் அந்தப் பொறியைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்திருப்பார்களோ!

அந்த வாயில் நடந்ததைக் கேளுங்கள். ஏக்கார்னில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் அடங்கிய சிறு குழு, புதிய வகைச் செயலி ஒன்றை வடிவமைத்தது. 1985 ஏப்ரல் 26ஆம் நாள் ஆலையிலிருந்து வந்த அந்தச் சில்லை, பி.பி.சி. மைக்ரோவின் டியூப் வாயில் இணைத்துத்தான் இயக்கிப் பார்த்தார்கள். அதுவே ஆர்ம் செயலி. இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்பேசியை இயக்குவது அதன் வழித்தோன்றல். 2012இல் வந்த மலிவான ராஸ்பெரி பை என்ற சிறு கணிப்பொறிக்குள் இருப்பதும் அதுவே. பள்ளிக்கூடப் பொறி ஒன்றின் அடியில் இருந்த காலி வாய் உலகுக்குத் தந்தது இது.

தமிழ் வந்த வழி

பள்ளிக்குப் பொறி வந்தது. ஆனால் திரையில் எழுந்தது ஆங்கிலம். தமிழ்வழி மாணவருக்கு அது எத்தகைய தடை என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இத்தடைக்குக் காரணம் மனமின்மை மட்டும் அன்று, பொறியின் உடலமைப்பும்தான். 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யும், அதைப் பின்பற்றி வந்த பொறிகளும் எழுத்தை எப்படிக் காட்டின என்று பாருங்கள். திரை 25 வரிகளாகவும், ஒவ்வொரு வரியும் 80 கட்டங்களாகவும் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. எல்லாக் கட்டங்களும் ஒரே அகலம். காட்டக்கூடிய உருவங்கள் மொத்தம் 256. அவை ஒரு சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்டவை. ஆங்கிலத்துக்கு இது தாராளம். தமிழிலோ 'ர'வும் 'ண'வும் ஒரே அகலத்தில் அடங்குமா? 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியில் ககரம் முதலில் வருகிறது, ஒகரம் பின்னர் வருகிறது. எழுதும்போதோ ஒகரத்தின் ஒரு பாதி ககரத்துக்கு முன்னும் மறு பாதி பின்னும் நிற்கிறது. அடித்த வரிசை வேறு, திரையில் நிற்க வேண்டிய வரிசை வேறு. இந்தக் கணக்கையெல்லாம் போட அன்றைய செயலிக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை.

ஆனால் ஐ.பி.எம். பி.சி.யில் ஐந்து செருகுவாய்கள் இருந்தன. அதோடு, பொறியின் சுற்றுப்படங்களை அந்நிறுவனம் விளக்க நூலாகவே வெளியிட்டிருந்தது. எந்தக் கம்பியில் எந்தக் குறிப்பு செல்கிறது என்பதை உலகில் எவரும் படித்து, அதற்கேற்ற அட்டையைச் செய்யலாம். 1984 நவம்பரில் இந்திய அரசு புதிய கணிப்பொறிக் கொள்கையை அறிவித்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதும், இவ்வகைப் பொறிகள் இங்கும் பெருகின. எச்.சி.எல்.லின் பிஸிபீ அவற்றுள் ஒன்று.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் தேவநாகரி எழுத்துக்காகத் தொடங்கிய ஆய்வு, பின்பு புனே நகரில் 1988இல் அமைந்த சி-டாக் நிறுவனத்துக்குச் சென்று ஜிஸ்ட் என்ற அட்டையாக உருப்பெற்றது. பெட்டியைத் திறந்து, காலியாக உள்ள செருகுவாயில் இந்த அட்டையை அழுத்திவிட வேண்டியதுதான். எழுத்துருக்களும் நினைவகமும் அட்டையிலேயே இருந்தன. விசைப்பலகைக்கும் திரைக்கும் நடுவே நின்று, எழுத்தை உருவாக்கும் பொறுப்பை அது ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்துக்கென்று எழுதப்பட்டிருந்த நிரல், தன் கட்டங்களில் நிற்பது தமிழ் என்பதை அறியாமலே தமிழைக் கையாண்டது!

அட்டைக்குள் அமைந்திருந்த கருத்து அட்டையைவிடப் பெரிது. இந்திய எழுத்துகளிற் பெரும்பாலானவை பிராமியிலிருந்து வந்தவை; அவற்றின் அகரவரிசை ஒலியை ஒட்டி அமைந்தது. ஆகவே தமிழ் 'க'வுக்கும் இந்தி, வங்காள, மலையாள 'க'வுக்கும் ஒரே குறியெண் தரலாம். உருவத்துக்கு எண் தராமல் ஒலிக்கு எண் தருவது இம்முறை. இஸ்கி எனப்பட்ட இக்குறிமுறை 1991இல் இந்தியத் தரமாயிற்று. அதன் 1988ஆம் ஆண்டு வடிவத்தை அடிப்படையாகக் கொண்டே யூனிகோடில் தமிழுக்குரிய இடம் அமைந்தது. தமிழின் இயல்புக்கு இது முழுதும் பொருந்துமா என்று தமிழறிஞர்களும் கணிப்பொறியாளர்களும் நெடுங்காலம் வாதாடியிருக்கிறார்கள். தமிழில் க, ங, ச, ஞ என்று செல்லும் வரிசையில் வடமொழி வர்க்க எழுத்துகளுக்கான இடங்கள் வெற்றிடங்களாக நிற்பது அந்த மரபின் அடையாளம். என் கருத்தில், குறை இருந்தும் அன்றைக்குத் தொடங்கியது நன்று. எல்லாம் சரியாகட்டும் என்று காத்திருந்தால் இன்னும் காத்துக்கொண்டே இருப்போம்.

ஜிஸ்ட் மட்டுமே வழி என்றும் நினைக்க வேண்டாம். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். கனடாவிலும் சென்னையிலும் வேறு முயற்சிகள் நடந்தன. செயலிகள் வேகம் பெற்றதும் அட்டை செய்த வேலையை மென்பொருளே செய்யலாயிற்று. 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் தமிழைத் தானே அறிந்திருந்தது. ஜிஸ்ட் அட்டையின் செருகுவாய் மீண்டும் காலியானது.

சுருங்கிய பெட்டி

இதன் பிறகு சில ஆண்டுகள் சென்னை ரிச்சி தெருவின் காலம் எனலாம். பலகை ஒரு கடையில், நினைவகம் ஒரு கடையில், பெட்டி மூன்றாவது கடையில் என்று வாங்கிப் பூட்டிய "அசெம்பிள்" கணிப்பொறிகள் தமிழ்நாடெங்கும் சென்றன. நிறுவனங்களும் விலையைக் குறைக்கத் தொடங்கின. 2005இல் எச்.சி.எல். ரூ. 9,990 விலையில் லினக்ஸோடு ஒரு கணிப்பொறியை வெளியிட்டது. பின்னாளில் அந்நிறுவனம் இத்தொழிலிலிருந்தே ஒதுங்கிவிட்டது.

அதே 2005இல் ஆப்பிளின் மேக் மினி வந்தது. சதுரமான சிறு பெட்டி. திருகாணியே கண்ணில் படாது. நினைவகத்தைக் கூட்ட விரும்பியவர்கள், சுவருக்குப் பட்டி பூசும் மெல்லிய தகட்டை விளிம்பில் செலுத்தி நெம்பித் திறந்தார்கள். 2014ஆம் ஆண்டு மேக் மினியில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது. 2018இல் கழற்றும் வசதி திரும்பி வந்தது. 2020இலிருந்து நினைவகம் செயலியோடு ஒரே உறையில் அடைக்கப்படுகிறது. தகடு கொண்டு திறந்தும் பயனில்லை.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையே கம்பி குறுகக் குறுக, குறிப்புகள் விரைவாகச் செல்லும். மின்சாரமும் குறைவாகச் செலவாகும். வேகத்துக்காகக் கொடுக்கும் விலை அது. ஆனால் வாங்கும் நாளிலேயே வாழ்நாள் முழுவதற்கும் தேவையான நினைவகத்தை நீங்கள் ஊகித்து, அதற்குரிய பணத்தையும் அன்றே கட்டிவிட வேண்டும். கையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் புரளும் குடும்பத்துக்கு இது ஒத்துவராது.

எல்லாச் சிறு பெட்டிகளும் இப்படி அல்ல. மடிக்கணினியில் பயன்படும் குட்டையான நினைவக அட்டைகளைச் செருக இரண்டு வாய்களும், மெல்லிய எம்.2 வகைச் சேமிப்பு அட்டைக்கு ஒரு வாயும் கொண்டவை பல. அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்தவையும் விற்பனைக்கு வருகின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அடுத்த பதிப்பு, 2017இன் பிற்பகுதிக்கு முன் வந்த இன்டெல் செயலிகளை அநேகமாக ஏற்பதில்லை. பழுது ஏதுமில்லாப் பொறிகள் இதனால் கழிக்கப்படுகின்றன. அவற்றில் லினக்ஸ் நன்றாகவே ஓடும். தமிழும் அதில் உண்டு. எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் பொறியை, விண்டோஸ் வேண்டும் என்ற எண்ணத்தோடு மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

பழைய பொறியில் முதலில் எதை மாற்றுவது? பலரும் செயலி என்பார்கள். நான் சேமிப்பகம் என்பேன். சுழலும் வட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுழல்கிறது. தேடும் செய்தி முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காலம், அதாவது நொடியில் 1,000இல் 4 பங்கு காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் இதற்கு மேல். எஸ்.எஸ்.டி. எனப்படும் சில்லுச் சேமிப்பகத்தில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. 1,000இல் ஒரு பங்கின் பத்தில் ஒன்று போன்ற நேரத்தில் செய்தி கிடைத்துவிடும். கணிப்பொறி துவங்கும்போது இத்தகைய தேடல்கள் ஆயிரக்கணக்கில் நிகழ்கின்றன என்பதை எண்ணினால், இந்த ஒரு மாற்றம் ஏன் பொறியைப் புதிது போல் ஆக்குகிறது என்பது விளங்கும்.

நினைவகம் அடுத்தது. இதன் விலை மீன் விலையைப் போல ஏறி இறங்கும். ஆகவே இறங்கும்போது வாங்க வாய்ப்புத் தருவதே காலி வாயின் நன்மை. டி.டி.ஆர். 3, 4, 5 என்னும் வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தா. தவறாகச் செருகிவிடாதபடி ஒவ்வொன்றிலும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். வாங்கும் முன் பழைய அட்டையின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படித்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறக்கும் முன் உடலில் தேங்கிய நிலைமின்சாரத்தை நீக்க உலோகத்தைத் தொடவேண்டும் என்று எல்லா நூல்களும் சொல்லும், செய்யுங்கள். ஆனால் பெரியதாழை போன்ற ஈரக்காற்று வீசும் ஊரில் அதைவிடப் பெரிய பகை உப்பு. சிறு பெட்டியின் விசிறி இந்தக் காற்றைத்தான் ஓயாமல் உள்ளே இழுக்கிறது. காற்றில் வரும் உப்பு ஈரத்தை ஈர்த்து, உலோகத் தொடுமுனைகளில் மெல்லிய படலமாகப் படிகிறது. ஒருநாள் காலையில் பொறி துவங்காமல் "பீப், பீப்" என்று கத்தும். பொறி செத்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். மின் இணைப்பை நீக்கிவிட்டு, மூடியைத் திறந்து, நினைவக அட்டையின் இருபுறக் கொக்கிகளையும் விலக்குங்கள். அட்டை தானே சாய்வாக எழும்பும். பொன் முலாம் பூசிய அதன் விளிம்பை, பென்சில் எழுத்தை அழிக்கும் மென்மையான ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். துகள்களை ஊதாமல், எச்சில் ஈரம் பட்டுவிடும், உலர்ந்த துணியால் துடைத்துச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்துங்கள். 'டிக்' என்ற ஒலி இரு புறமும் கேட்க வேண்டும். ஒரு புறம் மட்டும் கேட்டால் மறுபடி எடுத்துச் செருகுங்கள்.